முப்பது சாறி இருந்தும் உடுக்க ஒன்றுமில்லை: வாசகர் கேள்வி – பதில்

சோளகம் ஓய்ந்து வானம் கறுக்கத் தொடங்குகிற காலம் இது. அதனாலோ என்னவோ இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உடுப்பு அலுமாரியைப் பற்றியவை. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில்தான் கொட்டுகிறது. மிச்ச நாட்களில் வெயில், காற்று, புழுதி. ஆகவே பதில்கள் எல்லாம் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: கொடியில் போட்டால் அந்தத் துணி எத்தனை மணிநேரத்தில் காயும்?

கேள்வி: பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் 12 கிலோமீற்றர் போய்வருகிறேன். பாதித் தூரம் கிறவல் வீதி. அலுமாரியில் முப்பது சாறிக்கு மேல் கிடக்கிறது. விடியக் காலையில் திறந்தால் உடுக்க ஒன்றுமில்லை போல இருக்கிறது. மாரி தொடங்க முதல் எதை வைத்திருப்பது, எதை எடுப்பது?
– ஆசிரியை, நெடுங்கேணி

சாறிகளை எண்ணிய மாதிரி பிளவுஸ்களையும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். முப்பது சாறிக்கும் சேர்த்து, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்காத பிளவுஸ் ஐந்தோ ஆறோதான் தேறும். சாறியை ஒரு நாள் உடுத்து, காற்றாட விட்டு, இன்னொரு நாள் உடுக்கலாம். பிளவுஸை ஒரு தரம் போட்டால் தோய்த்தே ஆகவேண்டும். காலையில் உங்களை மறிப்பது அதுதான்.

வெயில் உள்ள ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு நான்கு குவியலாகப் பிரியுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் பள்ளிக்கு உடுத்தவை ஒன்று. பிளவுஸ் இறுக்கம், போல்ஸ் கழன்றுவிட்டது, கரை கிழிந்துவிட்டது என்று ஏதோ ஒரு சின்னக் குறையால் ஒதுக்கியவை இரண்டாவது. கோயில், கல்யாணவீட்டுச் சாறிகள் மூன்றாவது. யாரோ தந்ததால் மட்டும் இருப்பவை நான்காவது. இரண்டாவது குவியல்தான் உங்கள் புதையல். புதுச் சாறி வாங்கும் காசில் கால்வாசி போதும், அதிலிருந்து நான்கைந்தை மீட்டெடுக்க.

பள்ளிக்குப் பத்துச் சாறி போதும். கணக்கு இது: கிழமைக்கு ஐந்து நாள் பள்ளி, சனிக்கிழமை தோய்ப்பு, மழையில் திங்களுக்குள் காயாமல் நிற்பவற்றுக்கு ஈடாக மூன்று. ஆக, ஒரு நேரத்தில் கைக்கெட்ட எட்டு. இந்த எட்டு கோடையிலும் மாரியிலும் ஒரே எட்டாக இருக்காது. வோயில் அல்லது மெல்லிய கொட்டன் ஐந்து, ஜோர்ஜெட் அல்லது கிறேப் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஐந்து கொட்டனும் மூன்று ஜோர்ஜெட்டும் முன்தட்டில் இருக்கட்டும். மாரியில் ஐந்து ஜோர்ஜெட்டும் மூன்று கொட்டனும். மிச்ச இரண்டும் மேல்தட்டுக்குப் போகும். ஜோர்ஜெட் விறாந்தையில் போட்டாலே இரண்டு மூன்று மணிநேரத்தில் காயும், சேறும் இலேசாக விடும். ஆனால் ஏப்ரல் வெயிலில் உடம்போடு ஒட்டும். கொட்டன் இதற்கு நேர்மாறு. கஞ்சி போடுவதைப் புரட்டாதியோடு நிறுத்திவிடுங்கள். கஞ்சி போட்ட துணியைத்தான் ஈரக்காலத்தில் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் முதலில் தேடி வரும்.

பிளவுஸுக்கு வருவோம். எட்டுச் சாறிக்கும் எட்டு வேண்டாம், நான்கு நிறத்தில் ஆறு போதும்: கறுப்பு இரண்டு, சந்தன நிறம் இரண்டு, மெரூன் ஒன்று, கடும்பச்சை அல்லது கடும்நீலம் ஒன்று. ஒவ்வொரு சாறியும் இவற்றில் குறைந்தது இரண்டோடு சேரவேண்டும். ஒன்றோடும் சேராத சாறி எவ்வளவு வடிவாக இருந்தாலும் பள்ளித் தட்டில் அதற்கு இடமில்லை. தைக்கக் கொடுக்க முதல் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவையுங்கள். அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு நிற்காமல், ஸ்கூட்டிக் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு முதுகு அகலத்தை எடுக்கச் சொல்லுங்கள். அக்குள் தையல் பிரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் முதுகில் அரை அங்குலம் குறைந்திருப்பதுதான். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலத் துணி விட்டுத் தைத்தால் நாளைக்குத் தளர்த்தலாம்.

போல்ஸ் துண்டும் அப்படியே. அது கொட்டன், ஊறவைக்காமல் ஜோர்ஜெட்டில் தைத்தால் முதல் தோய்ப்பிலேயே சுருங்கி, சாறியின் கீழ்க்கரை அலை அலையாக இழுத்துக்கொள்ளும். கரை சுருண்ட சாறிகள் உங்களிடம் இருந்தால் சாறியைக் குறைசொல்லாமல் போல்ஸைப் பிரித்து, ஊறிய துண்டை வைத்து மறுபடி தையுங்கள்.

தோளில் குத்தும் சேப்டிபின்னின் சுருள் முனையில்தான் மெல்லிய துணி சிக்கிக் கிழிகிறது. பின்னைத் திறந்து, ஒரு சின்ன மணியை அல்லது இரண்டு துளைத் தெறியைக் கோர்த்துச் சுருள்வரை தள்ளிவிட்டு, பிறகு குத்துங்கள். துணி சுருளுக்குள் போகாது. ஸ்கூட்டியில் ஏறமுதல் முந்தானையைச் சுற்றி இடுப்பில் இறுகச் செருகவேண்டும். இதற்கும் அழகுக்கும் தொடர்பில்லை; பின்சில்லில் முந்தானை சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து.

கிறவல் வீதிக்குத் தனிக் கறுப்பும் தனி வெள்ளையும் ஆகாது. சின்னப் பூப்போட்ட நடுத்தர நிறங்கள், கீழ்க்கரை மண்ணிறமோ மெரூனோ என்றால் மாலைவரை துப்புரவாகத் தெரியும். சேறு தெறித்தால் ஈரத்தோடு தேய்க்கவேண்டாம். முற்றாகக் காயவிட்டுப் பழைய பற்தூரிகையால் தட்டி உதிர்த்த பிறகுதான் தண்ணீர் காட்டவேண்டும். ஈரமாகத் தேய்த்தால் செம்மண் இழைக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: வெயிலுக்குக் கறுப்பு உடுப்புக் கூடாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பரந்தன்

உடம்போடு ஒட்டிய கறுப்பு ரீசேட் என்றால் உண்மை. காற்றுப் புகுந்து போகிற மாதிரித் தளர்வான, மெல்லிய கொட்டன் என்றால் நிறத்தைவிடத் தளர்வும் நெசவும்தான் கூடுதலாக வேலைசெய்யும். எங்கள் பக்கத்தில் கறுப்புக்கு எதிரான பெரிய வாதம் வெயில் அல்ல, புழுதி.

கேள்வி: அறிவியல் நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எனக்கு அலுமாரியில் ஒரு தட்டுத்தான். குறைந்த உடுப்பில் நிறைய விதமாக உடுக்கலாம் என்று இணையத்தில் பட்டியல்கள் வருகின்றன. எங்களுக்குச் சரிவருமா? எத்தனை வைத்திருக்கலாம்?
– மாணவி, கிளிநொச்சி

அந்தப் பட்டியல்களில் பாதி கோட்டும் கம்பளியும் பூட்ஸும். நான்கு பருவமும் குளிரும் உள்ள நாட்டில் ஒரே சட்டையை மூன்று நாள் போடலாம். இங்கே மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். அதனால் வகையைக் குறைத்து, ஒரே வகையில் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் எங்களுக்குப் பொருந்தும். கணக்கு எளிது: இரண்டு தோய்ப்புக்கு இடையில் எத்தனை நாள், அதோடு காய எடுக்கும் நாள், அதோடு ஒன்று. கிழமைக்கு இரண்டு தரம் தோய்ப்பீர்கள் என்றால் இடைவெளி கூடியது நான்கு நாள். கோடையில் ஒரு நாளில் காய்ந்துவிடும்: 4, 1, 1, ஆக 6 மேற்சட்டை. கார்த்திகை மழையில் மூன்று நாள் பிடிக்கும்: 8. கீழே போடுபவை கோடையில் மூன்று, தெறிக்கும் சேற்றுக்காக மாரியில் நான்கு. சோல் இரண்டு. கோயிலுக்கும் விழாவுக்கும் ஒரு பஞ்சாபி. ஒரு தட்டில் இவ்வளவும் அடங்கும்.

நிறத்தைக் கீழிருந்து தொடங்குங்கள். கடும்நீலம், சாம்பல், சந்தன நிறம் என்று மூன்று காற்சட்டை அல்லது பஞ்சாபிக் கீழுடுப்பு எடுத்தால், வாங்கும் ஒவ்வொரு மேற்சட்டையும் அவற்றில் இரண்டோடாவது சேரவேண்டும். எட்டுச் சட்டை இரண்டு விதமாக என்றால் பதினாறு. கடையில் ரியூப்லைட் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்த்து ஏமாறவேண்டாம், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு வேறு கறுப்புகள் கடைக்குள் ஒன்றுபோல் இருந்து, வெளியே வந்ததும் ஒன்று பச்சையாகவும் மற்றது மண்ணிறமாகவும் முகம் காட்டும்.

ரெயோன் குர்த்தி மலிவு, மென்மை, வெயிலுக்கு இதம். ஆனால் நனைந்தால் அந்த இழையின் பலம் குறையும். ஈரமாக ஹாங்கரில் மாட்டினால் சொந்தப் பாரத்திலேயே நீண்டு, தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். முறுக்காமல் பிழிந்து, கொடியில் நடுவாக மடித்துப் போடுங்கள். முதல் தோய்ப்பில் சுருங்கவும் கூடும், ஆகவே நீளத்தில் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லெகிங்ஸின் இழுவை வெயிலிலும் சூட்டிலும் செத்துப்போகும். நிழலில் காயவிட்டு, அயன் பண்ணாமல் மடித்துவையுங்கள்.

புது உடுப்பின் சாயத்தை உப்புத் தண்ணீர் கட்டிப்போடும் என்று அம்மா சொல்லியிருப்பார். கடையில் வாங்கிய துணியின் சாயத்தை வீட்டு உப்பால் நிறுத்த முடியாது. தனியாக, குளிர்ந்த தண்ணீரில், அலசும் நீர் தெளியும்வரை நாலைந்து தரம் அலசி மேலதிகச் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையலில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் தனியாகத்தான் தோய்க்கவேண்டும்.

மழைக்காலத்தில் காய்ந்த பிறகும் அடிக்கும் புளித்த நாற்றம், துணி நெடுநேரம் ஈரமாகக் கிடந்ததால் பெருகிய கிருமிகளின் வேலை. அயன் பண்ணினாலும் வாசனை அடித்தாலும் அது போகாது. ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு அரை மணிநேரம் ஊறவைத்து, மறுபடி தோயுங்கள். இனி வராமலிருக்க, பிழிந்ததும் காய்ந்த துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, உடுப்புக்கு உடுப்பு நாலு விரல் இடைவெளி விட்டு, உள்புறம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். அலுமாரி இருக்கும் அறைக்குள் ஈரக் கொடி கட்டவேண்டாம். அந்த ஈரம் முழுவதும் அலுமாரிக்குள்தான் போய்க் குந்தும்.

கேள்வி: வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மஞ்சளாகிறது. பிளீச் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. நீலம் போட்டால் பச்சையாகத் தெரிகிறது. என்ன செய்வது?
– தாய், விசுவமடு

மோசமானது ஏன் என்று முதலில் சொல்கிறோம். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டாலோ குளோரின் பட்டாலோ அது துருவாக மாறிவிடும். பிளீச் ஊற்றியதும் அந்த மாற்றம் துணிக்குள்ளேயே நடந்தது. நீங்கள் கறையை எடுக்கவில்லை, ஊன்றிவிட்டீர்கள். அதன்மேல் நீலம் போட்டால் மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சைதானே.

தண்ணீரை முதல்நாள் பின்னேரமே வாய் அகன்ற வாளிகளில் எடுத்து, ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தில் இருந்து நாலைந்து தரம் ஊற்றி ஆற்றிவிட்டு, மெல்லிய துணியால் மூடி ஓரிரவு அசையாமல் விடுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் மண்டி படிந்திருக்கும். அதைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் பழைய வேட்டித் துண்டால் வடித்து எடுங்கள். வெள்ளைக்கு மட்டும் இதைச் செய்தால் போதும், எல்லா உடுப்புக்கும் செய்துகொண்டிருந்தால் பெண்டு கழன்றுவிடும்.

பழைய கறைக்கு: நனைந்த துணியில் கறை உள்ள இடத்தில் உப்பைத் தூவி, அது ஊறும் அளவுக்குத் தேசிக்காய்ப் புளி பிழிந்து, வெயிலில் முக்கால் மணிநேரம் விரித்துவையுங்கள். காய வந்தால் இன்னும் கொஞ்சம் பிழியுங்கள். பிறகு வடித்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஒருமுறையில் முழுதும் போகாது, மூன்று நாள் செய்தால் வித்தியாசம் தெரியும். நிறத் துணியில் இதைச் செய்யவேண்டாம், சாயமும் சேர்ந்து போகும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: பிளீச் பட்ட துணியில் தேசிக்காயோ வினாகிரியோ ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். முதலில் பிளீச்சை முற்றாக அலசிவிட்டு, மறுநாள் செய்யுங்கள்.

எங்கள் கிணறுகளில் பல கடினநீர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் சாம்பல்நிறப் படையாகித் துணியில் ஒட்டும். வெள்ளை மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளைக்குச் சவர்க்காரத் தூள் பாவியுங்கள். கடைசி அலசலில் 10 லீற்றருக்குக் கால் கோப்பை வினாகிரி விட்டால் ஒட்டிய படை கழரும். நீலம் போட விருப்பமென்றால் கறை போன பிறகு, தனிப் பாத்திரத்தில் கரைத்து, துணியால் வடித்து, துளித்துளியாகச் சேருங்கள். உள்ளங்கையில் அள்ளினால் தண்ணீர் வெளிர்நீலமாகத் தெரியவேண்டும், அதற்குமேல் வேண்டாம்.

கேள்வி: கனடாவிலிருந்து சித்தி ஒவ்வொரு முறையும் ஒரு சூட்கேஸ் உடுப்புக் கொண்டுவருகிறா. ஜக்கெற், தடித்த ஜீன்ஸ், கம்பளிச் சுவெற்றர். போடவும் முடியாது, கொடுத்தால் கோபிப்பா. அலுமாரி பூட்டுப்படுகுதில்லை.
– வாசகி, மல்லாவி

இந்தக் கேள்வி இல்லாத வீடு வன்னியில் குறைவு. முதலில் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துண்டைப் பாருங்கள். அதில் கொட்டன் அல்லது லினன் என்று முதலாவதாக எழுதியிருந்தால் வைத்திருக்க நியாயம் உண்டு. அக்ரிலிக், கம்பளி, பொலியெஸ்ரர் பஞ்சுச் சட்டை என்றால் வீட்டுக்கு இரண்டே இரண்டு போதும்: கொழும்பு போகும் ஏசி பஸ்ஸுக்கும் நுவரெலியாப் பயணத்துக்கும். தைப்பனிக்கும் மாசிப்பனிக்கும் கம்பளி தேவையில்லை. எங்கள் குளிர் காலை 8 மணிக்குப் போய்விடும். ரீசேட்டுக்கு மேல் ஒரு நீளக்கைக் கொட்டன் சேட் போட்டு, வெயில் ஏற அதைக் கழற்றி இடுப்பில் கட்டினால் ஆயிற்று.

தடித்த ஜீன்ஸ் மாரியில் இரண்டு நாளாகியும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும். ஆளுக்கு ஒன்று வையுங்கள். கை நீண்ட கொட்டன் கவுன்களை முழங்கைக்கு வெட்டி மடித்துத் தைத்தால் வீட்டுக்கும் கடைக்கும் நல்ல சட்டை. வெட்டிய கைத்துணியில் பக்கத்தில் பை வைக்கலாம். உள்ளே பொலியெஸ்ரர் லைனிங் இருந்தால் கழுத்தோடும் கைவளையோடும் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி எடுங்கள், காற்று வரும். வெளித்துணி கண்ணாடி மாதிரித் தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

கோபத்துக்கு மருந்து எங்களிடம் இல்லை. ஒரு வழி மட்டும் சொல்லலாம்: சித்தி புறப்பட முதலே ஆட்களின் நெஞ்சளவு, இடுப்பளவு, தோளளவு, நீளம் எல்லாவற்றையும் சென்ரிமீற்றரில் எழுதி, “கொட்டன் சேட்டும் நல்ல உள்ளாடையும் இங்கே கிடைக்குதில்லைச் சித்தி” என்று அனுப்பிவிடுங்கள். வாங்கித் தரும் ஆசை அவவுக்கு. எதை வாங்குவது என்பதை நீங்கள் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

கேள்வி: மகனுக்குக் கிளிநொச்சியில் அலுவலக வேலை கிடைத்திருக்கிறது. ஏ9 வீதியால் மோட்டார் சைக்கிளில் போய்வருவான். முதற் சம்பளத்துக்கு முதல் குறைந்த செலவில் என்னென்ன எடுக்கவேண்டும்?
– தந்தை, மாங்குளம்

ஐந்து சேட், மூன்று நீளக் காற்சட்டை, ஒரு சோடி சப்பாத்து, ஒரு பெல்ற், ஐந்து பெனியன். காசு பற்றாவிட்டால் சேட்டில் இரண்டைப் பிறகு வாங்கலாம், காற்சட்டையிலும் சப்பாத்திலும் சிக்கனம் பிடிக்கவேண்டாம். பழைய சேட்டை நல்ல காற்சட்டை காப்பாற்றும், மறுவளமாக நடக்காது. காற்சட்டை நிறம் கடும் சாம்பல், கடும்நீலம், மண்ணிறம். சேட்டில் வெள்ளை, வெளிர்நீலக் கோடு, சின்னக் கட்டம். தனிச் சாம்பலும் தனி வெளிர்நீலமும் வேர்வையைப் படம்போட்டுக் காட்டும். வெள்ளையும் கடும்நீலமும் கோடுகளும் மறைக்கும்.

அளவு பார்ப்பது இப்படி: தோள்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கவேண்டும், கழுத்துத் தெறி பூட்டினால் இரண்டு விரல் போகவேண்டும், இருந்தால் வயிற்றுத் தெறிகளுக்கிடையில் வாய் பிளக்கக்கூடாது. தோள் தவிர மற்ற எல்லாவற்றையும் தையற்காரர் திருத்தலாம். தோள் பிழைத்த சேட்டை மலிவென்று எடுக்கவேண்டாம். காற்சட்டை நீளத்தை மோட்டார் சைக்கிளில் இருத்திப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது, இருந்தால் இரண்டு அங்குலம் ஏறிக் கணுக்காலைக் காட்டும்.

சோளகக் காலத்தில் சேட்டின் நெஞ்சுப் பக்கம்தான் புழுதி வாங்கும். மேலே ஒரு மெல்லிய ஜக்கெற்றை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு ஓடுவது பலரின் வழக்கம், நல்ல வழக்கம். அக்குளில் சேட் மஞ்சளாகி மொறமொறத்துப் போவதற்கு வேர்வை மட்டும் காரணமல்ல. வேர்வையை அடக்கப் பூசும் மருந்துகளில் உள்ள அலுமினியமும் வேர்வையும் சேர்ந்து செய்யும் வேலை அது. பூசினால் காய்ந்த பிறகு சேட்டைப் போடச் சொல்லுங்கள். மாரியில் நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணிநேரத்துக்கு ஒருக்கால் மாற்றி, நிழலில் காயவிடவேண்டும். அடுப்படியில் வைத்தால் தோல் வெடிக்கும்.

கேள்வி: வயல் வேலைக்கு எந்த உடுப்பு நல்லது?
– வாசகி, அக்கராயன்

நீளக்கைத் தளர் கொட்டன் சேட், அதுவும் வெளிர் நிறத்தில். தலைக்கு அகன்ற தொப்பி, தொப்பிக்குக் கீழே பிடரியை மூடும் ஒரு துவாய்த் துண்டு. வீட்டு ஆண்களின் பழைய சேட்டுகளை இதற்கென்றே எடுத்துவையுங்கள். மருந்தடிக்கப் போட்ட உடுப்பை மட்டும் வேறாகப் பாருங்கள். அன்றே, தனிப் பாத்திரத்தில், முதலில் வெறும் நீரில் அலசி, பிறகு சுடுநீரும் சவர்க்காரத் தூளுமாக இரண்டு தரம் தோய்த்து, வெயிலில் காயப்போட்டு, அலுமாரிக்கு வெளியே தனிப் பையில் வையுங்கள். அலசிய நீர் கிணற்றடிப் பக்கம் போகக்கூடாது. மருந்து ஊறிப் பிசுபிசுத்த உடுப்பைத் தோய்க்கவே வேண்டாம், அது கழிவுதான்.

கேள்வி: கூறைச்சேலையும் பட்டுச் சாறிகளும் போன மாரியில் பூஞ்சணம் பிடித்துவிட்டன. மர அலுமாரி. பூச்சி உருண்டை போட்டிருந்தேன்.
– வாசகி, வவுனியா

பூச்சி உருண்டை பூச்சிக்கு. பூஞ்சணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். அலுமாரியை மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். மூன்று நான்கு அங்குலம் இழுத்துவிடுங்கள், முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். கால்களுக்கடியில் மரக்கட்டை வையுங்கள்.

பிடித்ததை எடுக்க: காற்றுள்ள வறண்ட நாளில் முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த மென்தூரிகையால் இழையோட்டத்தின் பக்கமாகத் தட்டிவிடுங்கள். அறைக்குள் தட்டினால் வித்துகள் மறுபடி அலுமாரிக்கே போகும். ஈரத் துணியால் துடைக்கவேண்டாம். பட்டில் நீர்க்கறை வட்டமாக நிற்கும், பூஞ்சணமும் உள்ளே ஊறும். நேர்வெயிலில் பட்டு மங்கும், ஆகவே நிழலில் இரண்டு மணிநேரம். அடித்தளம்வரை இறங்கிய கறுப்புப் புள்ளிகளை வீட்டில் எடுக்க முடியாது, உலர்சலவைக்குக் கொடுங்கள்.

திரும்ப வைக்கும்போது பொலித்தீன் பை வேண்டாம். கஞ்சி போகத் தோய்த்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் சரிகை மடிப்புக் கோட்டிலேயே முறியும். அலுமாரியின் அடித்தட்டில் மூடியில் துளையிட்ட ரின் ஒன்றில் காய்ந்த சிரட்டைக்கரி வையுங்கள். ஈரத்தை அது பிடிக்கும். ஆனால் நிரம்பினால் சும்மாதான் இருக்கும். வெயில் வரும் நாளெல்லாம் எடுத்து வெயிலில் காட்டி மறுபடி வைக்கவேண்டும். அலுமாரிக்குள் பல்ப் எரியவிடுவது பழைய உத்தி. தீப்பிடிக்கும் உத்தியும் அதுதான்.

பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப் பொட்டலமாகப் போதும். உருண்டைதான் வேண்டும் என்றால் சரிகையில் படாமல் பொட்டலமாகத் தொங்கவிடுங்கள். நப்தலீன் உருண்டையையும் கற்பூரத்தையும் சேர்த்து வைக்கவேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இளகி எண்ணெய்க்கறையாகிவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நப்தலீனே வேண்டாம். பிறவியில் ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த குழந்தைகளுக்கு அந்த நெடியே இரத்தத்தின் செங்கலங்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரலாம்.

கேள்வி: வெளியே எடுத்த உடுப்புகளை என்ன செய்வது? எறிய மனமில்லை.
– வாசகி, புதுக்குடியிருப்பு

முடிவெடுக்க முடியாதவற்றைப் பையில் கட்டி, தேதி எழுதி மேலே போடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் போய் அந்தப் பையைத் தேடவில்லை என்றால் திறந்து பார்க்காமல் கொடுத்துவிடலாம். கொடுப்பது தோய்த்து, தெறி தைத்து, சிப் வேலைசெய்கிற உடுப்பாக இருக்கவேண்டும். கிழிந்ததை அடுத்தவருக்குத் தருவது மரியாதையில்லை. அதை வீட்டிலேயே முடியுங்கள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன வோயில் சாறியைப் போல ஏணைக்கு வேறொன்றும் வராது. கட்டமுதல் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், இழை சரசரவென்று விலகினால் குழந்தையை அதில் போடவேண்டாம், தலையணை உறைக்கு வெட்டுங்கள். பெனியன் நிலம் துடைக்க. பொலியெஸ்ரர் தண்ணீரை உறிஞ்சாது, சைக்கிள் துடைக்கத்தான் ஆகும். சேட்டுகளில் தெறிகளை வெட்டி எடுத்து, ஒரே சேட்டின் தெறிகளை ஒரு நூலில் கோர்த்துப் பழைய பிஸ்கற் ரின்னில் போட்டுவையுங்கள். சில சேட்டுகளில் கழுத்துத் தெறி மட்டும் மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்கும், அதையும் சேர்த்துக் கோருங்கள்.